மதுரைக்குக் கொண்டுபோங்க

எங்கள் பக்கம் மருந்து என்றால் இரண்டு மருந்து. காலையில் அம்மா "மருந்து ரூமுல ஆள் கொறச்சல்" என்றால் அது வெடிமருந்து. ராத்திரி இருமிக்கொண்டே "அந்த மருந்த எடு தாயி" என்றால் மற்றது. நான் எம்.பி.பி.எஸ். முடித்து, சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "எம் மக இந்த மருந்துக்குப் போயிட்டா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் வருஷம் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "மதுரைக்குக் கொண்டுபோங்க." நெஞ்சு வலியா, மதுரை. மாத்திரைக்கு அடங்காத சர்க்கரையா, மதுரை. அப்போது விருதுநகரில் மருத்துவக் கல்லூரி கிடையாது. சிவகாசியிலிருந்து மதுரை எழுபது கிலோமீட்டருக்கு மேல். பீஸ் ரேட்டில் வெடி கட்டுகிறவர்களுக்கு மதுரை என்றால் ஒரு நாள் கூலி, கூட வருகிறவரின் கூலி, பஸ் காசு. பாதிப் பேர் போகவே மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் என் பொறுப்பு முடிந்தது.

ஒரு மார்ச் மாத மதியம், லோடு ஆட்டோவில் ஓர் அக்காவைக் கொண்டுவந்தார்கள். மறுநாள் பேப்பரில் வழக்கம்போல 'உராய்வு காரணமாக' என்று போட்டிருந்தார்கள். கைகளும் நெஞ்சும் வெந்திருந்தன. 108 வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் நான் செய்தது, வலிக்கு ஓர் ஊசி, ஒரு சீட்டு. அவர் பிழைத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர் இடது கையை மேசைமேல் வைத்தார். மோதிர விரல் இல்லை. "மோதிரத்த அப்பவே கழட்டியிருந்தா வெரல் தப்பிச்சிருக்கும்னு அங்க சொன்னாக டாக்டரம்மா" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை, செய்தி சொல்லும் குரல். அதுதான் தாங்கவில்லை.

வெந்த இடம் வீங்கும், வீக்கத்தில் மோதிரமும் வளையலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். எனக்குத் தெரியாத விஷயமா? பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

வேலூர் சி.எம்.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு பற்றிச் சொன்னது கூடப் படித்த ஒருத்தி. கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்காக 2006ல் ஆரம்பித்த குடும்ப மருத்துவ டிப்ளமோ, இரண்டு வருஷம். வேலையை விட வேண்டாம். பாடப் புத்தகங்கள், வீடியோ வகுப்புகள், இடையில் சில நாள் ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி. அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரெஃபர் லெஸ், ரிசால்வ் மோர்'. அனுப்புவதைக் குறை, தீர்த்துவைப்பதைக் கூட்டு. என்னை யாரோ பார்த்துவிட்டு வைத்த பெயர் மாதிரி இருந்தது.

ராத்திரி அம்மாவின் இருமலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். மூச்சிரைப்பு பாடம் வந்த வாரம், பத்து வருஷமாக சிரப் குடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஆஸ்துமா என்று கண்டுபிடித்தேன். வீட்டுக்குள்ளேயே ஒரு டாக்டர் இருந்தும் இத்தனை தாமதம். இன்சுலின் ஆரம்பிக்க மதுரை வேண்டாம், தலைசுற்றலில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்கேன் வேண்டாம் என்ற தைரியமும் மெல்ல வந்தது.

தீக்காயம் வேறு கணக்கு. பெரிய தீக்காயத்தை மதுரைக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும். அனுப்பும் முன் என்ன செய்தோம் என்பதில் இருக்கிறது எல்லாம். ஓடும் தண்ணீர் இருபது நிமிஷம். ஐஸ் கூடாது, பேஸ்ட் கூடாது, இங்க் கூடாது. பார்க்லாண்ட் கணக்குப்படி 50 கிலோ எடை, 30 சதவீதம் தீக்காயம் என்றால் முதல் 24 மணி நேரத்துக்கு ஆறு லிட்டர் சலைன். அதில் மூன்று லிட்டர் முதல் எட்டு மணி நேரத்தில். அந்த எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து இல்லை, வெந்த நிமிஷத்திலிருந்து. எங்கள் சீட்டுகளில் வெந்த நேரத்தை யாரும் எழுதியதே இல்லை.

ஒரு வீடியோ வகுப்பில் அந்த அக்காவின் கேஸைச் சொன்னேன். போட்டோவைப் பார்த்து எங்கோ மலைப் பக்கத்து டாக்டர் ஒருவர் "கை ஏன் வெள்ளி மாதிரி மின்னுது?" என்று கேட்டார். அலுமினியப் பொடி. எங்கள் ஊரில் குழந்தைகூடச் சொல்லும். 2003ல் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா ஆரம்பித்த எக்கோ திட்டமும் இப்படித்தான். நிபுணர் ஒரு பக்கம், கிராமத்து டாக்டர்கள் மறு பக்கம், எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள், எல்லோரும் கற்பார்கள். அன்றைக்குப் பத்து நிமிஷம் நான் வாத்தியார்.

ஆனால் திரை விரலுக்குச் சொல்லிக்கொடுக்காது. வீங்கிய விரலில் நூலை இறுக்கிச் சுற்றி, மோதிரத்துக்கு அடியில் நுனியை விட்டு, பிரித்துக்கொண்டே மோதிரத்தை நகர்த்தும் முறை ஒன்று உண்டு. வீடியோவை நாலு தடவை பார்த்தும் எனக்கு நூல் வழுக்கியது. அம்மா எட்டிப் பார்த்தாள். "இதென்ன, அணுகுண்டுக்குச் சணல் சுத்துற மாதிரிதான" என்று என் விரலைப் பிடித்துச் சுற்றிக் காட்டினாள். இருபது வருஷக் கை. வெந்த தோலில் நூல் ஆகாது, வெட்டத்தான் வேண்டும் என்பதால் ஆசாரியிடம் சொல்லி ஒரு சின்ன வெட்டுக்கருவியும் வாங்கி வைத்தேன். மாதம் ஒருமுறை நர்ஸ்களோடு ஒத்திகை: குழாய், கடிகாரம், வெட்டுக்கருவி, சீட்டு.

ஒத்திகை முடிந்த ஒருநாள் எங்கள் கிராம சுகாதார செவிலியர் கேட்டார், "இந்தப் புஸ்தகம்லாம் எங்களுக்கு வராதா மேடம்?" வராது. டிப்ளமோ எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு. என்னோடு சேர்ந்தவர்கள் பாதிப் பேர் நீட் பி.ஜி. எழுதிப் போய்விட்டார்கள், நானும் ஒருமுறை எழுதினேன். அவர் இருபது வருஷமாக இங்கேயே இருக்கிறார். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்து அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அவர் வேலையில் இருந்தார். படிப்பு கிராமத்துக்கு வரவேண்டும் என்று வகுத்தவர்கள், கிராமத்தை விட்டுப் போகாதவரை ஏன் வாசலில் நிறுத்தினார்கள்? என் புத்தகங்களை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். இங்கிலீஷ். பாடம் பாடமாகத் தமிழில் சொல்லி வாய்ஸ் நோட் அனுப்புகிறேன். சர்டிபிகேட் எதுவும் கிடைக்காத தொலைதூரக் கல்வி.

2022 ஜனவரி 12 அன்று விருதுநகர் மருத்துவக் கல்லூரி திறந்தது. அதுவும் மற்ற பத்துக் கல்லூரிகளோடு சேர்த்து, டெல்லியிலிருந்து வீடியோவில். தூரம் குறைந்திருக்கிறது, வாஸ்தவம்தான்.

போன வருஷம் ஒரு காலை. சத்தம் கேட்டு ஜன்னல் அதிர்ந்தது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு வழியிலேயே டேங்க் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். செவிலியர் போனில் சொல்லியிருக்கிறார். 108 வருவதற்குள் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. சீட்டில் முதல் வரி, வெந்த நேரம் 11.40. அடுத்த வரி, மதுரைக்கு.

வண்டி கிளம்பியதும் போன் அடித்தது. அம்மா. யார், எந்த ஆபீஸ், எத்தனை பேர் என்றுதான் எப்போதும் கேட்பாள். அன்றைக்கு, "மோதிரத்தக் கழட்டிட்டியா தாயி?" என்றாள்.