மூணு பாட்டு, ஃபிளாஷ் கூடாது

இரும்பைக்காரர்களுக்குக் கேமரா ஒன்றும் புதுசு இல்லை. திண்டிவனம் - புதுச்சேரி ரோட்டில் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே போனால் இந்த ஊர். பக்கத்திலேயே ஆரோவில். 1968-ல் ஆரோவில் ஆரம்பித்த நாளில் இருந்து, கழுத்தில் கேமராவோடு வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் வந்துபோவது சகஜம். கோலம், மாட்டு வண்டி, குளத்தங்கரை, பாட்டியின் சுருக்குப் பை.. எதையும் விடுவதில்லை. பாட்டியும் முதலில் முறைப்பார், அப்புறம் சிரிப்பார், அப்புறம் "எதுக்குடா இதெல்லாம் எடுக்கிறாங்க?" என்று பேரனைக் கேட்பார்.

இதை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்த்தால் என்ன? ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போகிற தமிழ்ப் பசங்க இப்போது ஏராளம். அதில் ஒருவர் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்களின் திருவிழாவுக்குள் நுழைகிறார். அதுவும் சாதாரணத் திருவிழா இல்லை. லைப்சிக் நகரத்தில் நடக்கிற வேவ் கோதிக் டிரெஃபன். கோத் இசைக்காரர்களின் கும்பமேளா என்றே சொல்லலாம்!

அதென்ன கோத்?

நம்ம ஊரில் கறுப்புச் சட்டை என்றால் ஒன்று பெரியார் கட்சி, இல்லாவிட்டால் சபரிமலை. அங்கே கறுப்பு என்றால் கோத். 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் இசை ஓய்கிற நேரத்தில் கிளம்பிய வகை இது. பௌஹாஸ் என்ற குழு 1979-ல் வெளியிட்ட 'பெலா லுகோசிஸ் டெட்' என்ற பாட்டைத்தான் பிள்ளையார் சுழி என்பார்கள். பழைய டிராகுலா படத்து நடிகரின் பெயரில் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு. அப்புறம் சூஸி அண்ட் தி பான்ஷீஸ், தி க்யூர், லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி. கடைசியாகச் சொன்ன குழுவில் டிரம்ஸ் வாசிப்பது மனுஷன் இல்லை, மெஷின். அதற்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள்! சாவு, இருட்டு, தனிமை, பழைய கல்லறை இதெல்லாம்தான் பாட்டுக்குப் பொருள். கேட்பவர்கள் சோகமாக இருப்பார்களோ என்றால் இல்லை. நன்றாகச் சிரித்துப் பேசி பீர் குடிக்கிறவர்கள்தான்.

லைப்சிக் விழா 1992-ல் ஆரம்பித்தது. முதல் வருஷம் வந்தவர்கள் சுமார் 2000 பேர். இப்போது 20,000 பேர் அளவில் வருகிறார்கள். பெந்தகொஸ்தே வார இறுதியில் நாலு நாள் நடக்கும். நடுவில் 2020, 2021 இரண்டு வருஷம் மட்டும் கொரோனாவால் நடக்கவில்லை. பாக் 27 வருஷம் தேவாலயத்தில் இசை நடத்திய ஊர் இது. அதே ஊரில் அந்த நாலு நாளும் டிராம் முழுக்கக் கறுப்புக் கவுனும் வெள்ளைப் பவுடர் முகமுமாக ஜனம் போகும். பக்கத்து சீட்டில் உள்ளூர்ப் பாட்டி காய்கறிப் பையோடு உட்கார்ந்திருப்பார். வருஷா வருஷம் பார்த்துப் பழகிவிட்டது.

மூணு பாட்டு

இனி கேமராக்காரருக்கு வருவோம். மேற்கத்திய ராக் கச்சேரிகளில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு பொது விதி உண்டு. முதல் மூணு பாட்டு மட்டும் எடுக்கலாம், ஃபிளாஷ் போடக்கூடாது. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் தடுப்புக் கட்டிய சந்து ஒன்று இருக்கும். அனுமதி அட்டை உள்ளவர்கள் அதற்குள் நின்று எடுக்க வேண்டும். மூணாவது பாட்டு முடிந்ததும் காவலுக்கு நிற்பவர் கையைக் காட்டுவார். வெளியே வந்துவிட வேண்டியதுதான்.

மூணு பாட்டு என்றால் சுமாராகப் பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம். (ஒன்பது நிமிஷப் பாட்டை முதலில் எடுத்துவிட்டால் யோகம்.) அந்த நேரத்துக்குள் படம் தேற்றுவது லேசு இல்லை. கோத் மேடையில் வெளிச்சமே பின்னால் இருந்துதான் வரும். முன்னால் புகை. பாடுகிறவர் முகம் தெரியாது, உருவம் மட்டும் தெரியும். ஐ.எஸ்.ஓ-வை 3200-க்கு ஏற்றி, லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தால்தான் நூற்றியிருபத்தைந்தில் ஒரு செகண்டாவது கிடைக்கும். அதிலும் பாடகர் தலையை ஆட்டினால் போச்சு.

இன்னொரு வில்லன் சிவப்பு விளக்கு. டிஜிட்டல் கேமராவின் சென்சாரில் நாலில் ஒரு பங்கு புள்ளிதான் சிவப்பைப் பிடிக்கும். பாதி பச்சைக்கு, மீதிக் கால் பங்கு நீலத்துக்கு. மேடை முழுக்கச் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டால் அந்தக் கால் பங்கு மட்டும் வெளிச்சம் தாங்காமல் நிரம்பி வழியும், மற்றதெல்லாம் சும்மா இருக்கும். முகம் தக்காளிச் சட்னியில் முக்கி எடுத்த மாதிரி வரும். அனுபவஸ்தர்கள் ரா ஃபைலாக எடுத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து, பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவார்கள். கோத் கச்சேரிப் படங்கள் பல கறுப்பு வெள்ளையில் இருப்பதற்குக் கலை மட்டும் காரணம் இல்லை. ;-)

இந்த விதி ஏன்? ஃபிளாஷ் வாசிப்பவர் கண்ணில் அடிக்கும். காசு கொடுத்து வந்தவர்களுக்கு மறைக்கும். வியர்த்து மேக்கப் வழிவதற்கு முன்னால் நல்ல முகமாகப் படம் வரட்டும் என்ற கணக்கும் உண்டு. ஆனால் இந்த விதியால் ரொம்ப லாபம் அடைவது யார் தெரியுமா? கேமராக்காரர்தான். முதல் மூணு பாட்டு அவர் காதிலேயே விழுந்திருக்காது. கண் ஒரு சின்ன ஓட்டைக்குள், மனசு ஷட்டர் ஸ்பீடில். நாலாவது பாட்டில் கேமராவைப் பையில் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு நிற்கும்போதுதான் பேஸ் கிதார் நெஞ்சுக்கூட்டில் அதிர்வது தெரியும். அதுவரை அவர் வேலை பார்த்தார். இப்போதுதான் கச்சேரி பார்க்கிறார்.

மேடைக்குக் கீழே

சிக்கல் என்னவென்றால் இந்த விதி மேடைக்கு மட்டும்தான். லைப்சிக் விழாவின் முதல் நாள் கிளாரா செட்கின் பூங்காவில் விக்டோரியன் பிக்னிக் நடக்கும். பழைய காலத்துக் கவுன், தொப்பி, குடை என்று ஜோடித்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களைச் சுற்றிக் கேமராக்கள் மொய்க்கும். ஆடை தைக்க மாசக்கணக்கில் மெனக்கெட்டவர் "எடுத்துக்கோ" என்று நிற்பார், அது வேறு. வாயில் கேக்கோடு இருப்பவரைக் கேட்காமல் எடுத்து, "பாருங்கடா கூத்தை" என்று ஊருக்கு அனுப்புவது வேறு.

சிரிப்புத்தானே, என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். 2007 ஆகஸ்ட் 11-ம் தேதி இரவு, இங்கிலாந்தில் பேக்கப் என்ற சின்ன ஊரின் பூங்காவில் சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயசுப் பெண்ணையும் அவர் காதலரையும் சில பையன்கள் அடித்து உதைத்தார்கள். முன்விரோதம் எதுவும் இல்லை. இருவரும் கோத் மாதிரி உடுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். காதலர் பிழைத்தார். சோஃபி 13 நாள் கழித்து இறந்துபோனார். இப்படி மாற்று உடை, மாற்று இசைக்காரர்கள் மேல் நடக்கும் தாக்குதலையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்வது என்று 2013-ல் கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் முடிவெடுத்தது. பிளட்ஸ்டாக் மெட்டல் விழாவில் ஒரு மேடைக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் அடிப்பதில்லை. ஆனால் அடித்தவர்கள் முதலில் சிரித்திருப்பார்கள்.

சிரிப்பில் தெறித்த லிங்கம்

கூட்டத்தின் சிரிப்பு என்ன செய்யும் என்பதற்கு இரும்பையிலேயே ஒரு கதை இருக்கிறது. அங்குள்ள மாகாளேஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். கடுவெளிச் சித்தர் அந்த ஊரில் மரத்தடியில் தவம் இருந்தாராம். தவத்தின் சூட்டில் மழை நின்று ஊரே வறண்டது. உதிர்கிற இலையைத் தவிர எதுவும் சாப்பிடாத மனிதரின் கையில் ஒரு நாட்டியப் பெண் தினமும் அப்பளத்தை வைத்து வைத்து, மெல்லக் கண் திறக்க வைத்தாள். மழை கொட்டியது. அரசன் விழா எடுத்தான். அவள் ஆடும்போது காலில் இருந்து சிலம்பு கழன்றது. ஆட்டம் கெடக்கூடாதே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தர் கோபத்தில் பாட, கோயில் லிங்கம் மூன்றாக வெடித்தது. அரசன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு, லிங்கத்தைச் செப்புத் தகட்டால் பிணைத்தான் என்கிறது தலபுராணம்.

நன்றாகக் கவனியுங்கள். ஆடியவள் தப்பு செய்யவில்லை. சிலம்பை எடுத்துக் கொடுத்தவரும் செய்யவில்லை. தப்பு முழுக்க வேடிக்கை பார்த்தவர்களுடையது!

மேல்மலையனூரில் விதி கிடையாது

இவ்வளவு சொல்ல லைப்சிக் வரை போகவே வேண்டாம். இரும்பையில் இருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகப் போனால் அதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்மலையனூர். மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் கோயிலில் மயானக் கொள்ளை. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தைத் தரையில் இறக்க அம்மன் சோற்றைச் சூறை விட்டாள், இறங்கி வந்த கபாலத்தைக் காலால் மிதித்தாள் என்பது கதை. அதனால் சுடுகாட்டில் தானியம், காய்கறி, சில்லறை எல்லாம் வாரி இறைப்பார்கள். முகத்தில் சிவப்பும் பச்சையுமாக வண்ணம், கழுத்தில் எலுமிச்சை மாலை, கையில் சூலம், சிலர் வாயில் எலும்பு. எந்த கோத் விழாவும் கிட்டே வர முடியாது.

கச்சேரியும் உண்டு. பம்பை என்பது இடுப்பில் சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம். உடுக்கையின் கயிற்றை அழுத்தி அழுத்திக் குரலை ஏற்றி இறக்குவார்கள். கையில் குலுக்குகிற பித்தளைச் சிலம்பு. பம்பைக்காரர் அம்மனை வர்ணித்துப் பாடப் பாட, எதிரில் நிற்கும் பெண்ணுக்கு அருள் வரும். அங்கே போடுகிற வேஷமும் இங்கே போடுகிற வேஷமும் ஒன்று என்று சொல்லவில்லை. அது ரசனை, இது வேண்டுதல். லைப்சிக்கில் வந்தவருக்குத் தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரியும், வேண்டாம் என்று கையைக் காட்டலாம். அருள் வந்து ஆடுகிற அம்மாவால் கையைக் காட்ட முடியாது. அவர் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் இப்போது இருபது செல்போன் நீளுகிறது. சாயந்திரத்துக்குள் அந்த முகம் சிரிப்பு பொம்மைகளோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதே அம்மா மறுநாள் களை எடுக்கப் போக வேண்டும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும்.

அங்கே கையைக் காட்டி வெளியே அனுப்ப ஆள் இல்லை. அதனால் கேமராக்காரரே தனக்கு ஆளாக இருக்க வேண்டியதுதான். மூணு பாட்டு கணக்கு அங்கேயும் செல்லும். பம்பை தொடங்கியதும் எடுங்கள், வாசிப்பவர் கையை எடுங்கள், வாரி இறைக்கிற தானியத்தை எடுங்கள், புழுதியில் நிற்கிற கூட்டத்தை எடுங்கள். ஒருவர் தன்னை மறந்துவிட்டார் என்று தெரிந்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். அப்புறம் சும்மா நின்று பாருங்கள். பம்பைக்கும் நெஞ்சுக்கூட்டை அதிர வைக்கத் தெரியும்.

ஊருக்குத் திரும்பியதும் பம்பைக்காரர் படத்தை ஒரு பிரிண்ட் போட்டு, அவர் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த மாசியில் உங்களுக்கு முன்வரிசையில் அவரே இடம் பிடித்து வைப்பார்.