விசா ஒன்று... நாடுகள் மூன்று!

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 8-ம் எண் டிராமில் ஏறினால், ஜெர்மனிக்குப் போய்விடலாம். 3-ம் எண் டிராம், பிரான்ஸில் கொண்டுபோய் இறக்கிவிடும். ரைன் நதிக்கரையில் மூன்று நாடுகள் சந்திக்கும் ஊர் இது. டிராம் எல்லை தாண்டும்போது பெரும்பாலும் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. திடீர்ச் சோதனை உண்டு என்பதால், கையில் வைத்திருப்பது நல்லது.

காரணம், ஷெங்கன் விசா. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால், 2008 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. மொத்தம் 29 நாடுகளுக்கு ஒரே விசா. அங்கே எல்லை இவ்வளவு எளிதாக இருப்பதால்தான், கெடுபிடி எல்லாம் நாம் விண்ணப்பிக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக நாள்கள் தங்கும் நாட்டிடம். நாள்கள் சமம் என்றால், முதலில் நுழையும் நாட்டிடம். 'எங்கே சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்குதோ, அங்கே போடலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். பரிசீலனை சில நேரம் 45 நாள்கள்கூட இழுக்கும். மே மாத விடுமுறைக்கு, பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

பாஸ்போர்ட் 10 ஆண்டுகளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கங்கள் காலியாக இருக்க வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. அதற்கும் சிறியவர்களுக்குக் கட்டணம் இல்லை. அப்பா, அம்மா, 8 வயது மகள், 5 வயது மகன் என்றால் 225 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது. அதனால், ரத்து செய்ய முடியாத விமான டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சூரிச் போய், லண்டன் பார்த்து, பாரிஸ் வழியாகத் திரும்பத் திட்டமா? பிரிட்டன், ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசா வேண்டும். ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா என்றால், லண்டனுக்குக் கிளம்பியதுமே அது முடிந்துவிடும். பாரிஸுக்குள் நுழைய முடியாது!

விசா கிடைத்தாலும், விமான நிலைய அதிகாரி கேள்வி கேட்கலாம். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 ஃபிராங்க் செலவுக்கு ஆதாரம்... இவற்றைப் பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பாமல், கைப்பையிலேயே வைத்திருங்கள்.