வாப்பாவின் காலைச் சுருட்டு

தலைப்பைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்காதீர்கள். சுருட்டைப் பற்றி எழுத ஒரு பெண்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். புகைத்தலை மக்ரூஹ் என்பவர்களும் ஹராம் என்பவர்களும் நம் உலமாக்களில் உண்டு. அதற்காகப் பரிந்து பேச நான் வரவில்லை. சின்ன வயதில் அந்த வாடை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடியவள் நான். ஆனால் ஒரேயொரு சுருட்டுக்காகப் பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராக விசாரித்துத் திரிந்தவளும் நானேதான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் வீடு. வாப்பா தையற்காரர். சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, ஒரு பிளேன்டீ குடித்து, விறாந்தைப் படியில் குந்தி ஒரு சுருட்டுப் பற்ற வைப்பார். அரை மணித்தியாலம் ஆறுதலாக இழுத்து முடிப்பார். அதன் பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டுக் கடைக்குப் போனால் அடுத்த நாள் காலை வரை வேறு சுருட்டில்லை. அடுத்தவர் துணியில் ஒரு பொறி விழுந்தால் ஒரு மாத உழைப்புப் போய்விடும் என்பார். அதனால் மெஷினடியில் புகை, நெருப்பு எதுவும் கூடாது. நாளைக்கு ஒன்று, வாரத்துக்கு ஏழு. அவ்வளவுதான் கணக்கு.

அந்த ஏழும் கொக்குவில் பக்கத்தில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் இருந்து வரும். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வாப்பா சைக்கிளில் போய் வாழைநாரில் கட்டிய ஒரு கட்டு வாங்கி வருவார். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நானும் பின்னால் ஏறிப் போயிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிலத்தில் இருந்து இலை சுருட்டுவார்கள். ஒருவர் மட்டும் சுருட்டாமல் அன்றைய பேப்பரை உரத்து வாசிப்பார். கை வேலை செய்ய, காது உலகச் செய்தி கேட்கும். இப்படியொரு வழக்கம் கடல் கடந்து கியூபாவிலும் உண்டென்று பிற்காலத்தில் படித்தபோது எனக்கு அந்தக் கொட்டில்தான் ஞாபகம் வந்தது.

யாழ்ப்பாணப் புகையிலை பேர்போன சாமான். ஒரு காலத்தில் கப்பலேறித் திருவிதாங்கூருக்குப் போனது. சுருட்டோ, தெற்கே சிங்களக் கிராமங்கள் வரை போனது. இலையைத் தேங்காய் மட்டைப் புகையில் பதப்படுத்தி, கோடா என்று ஒரு சாறு போடுவார்கள். அந்தக் கோடாவில்தான் கைமணம் இருக்கிறது. நம் வீடுகளில் ஒரே மீனும் ஒரே புளியும் போட்டாலும் ராத்தாவின் ஆணம் ஒரு ருசி, தங்கச்சியின் ஆணம் வேறு ருசி என்று இல்லையா? அதுபோல, கொட்டிலுக்குக் கொட்டில் கோடா வேறு. வாப்பாவுக்கு அந்த ஒரு கொட்டில் சுருட்டுத்தான் சுருட்டு. கொட்டில்கார அண்ணைக்குத் தீபாவளிச் சட்டை தைப்பது வாப்பா. கூலி வாங்க மாட்டார். நோன்புப் பெருநாளைக்கு அங்கிருந்து ஒரு பெரிய கட்டு வரும். அதற்கும் காசில்லை.

உம்மாவுக்கு மட்டும் அந்தச் சுருட்டு சக்களத்தி மாதிரி. "நோம்புக்கு ஏலுமெண்டா மத்த நாளைக்கு ஏன் ஏலா?" என்று ஒவ்வொரு ரமழானிலும் கேட்பா. உண்மையில் அந்த மாதம் முழுக்க வாப்பா காலையில் சுருட்டைத் தொடுவதில்லை. இஃப்தாருக்குப் பிறகும் தேடுவதில்லை. பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் படியில் குந்திப் பற்ற வைப்பார். உம்மாவின் கேள்விக்கு ஒரு நாளும் பதில் சொன்னதில்லை, சிரிப்பார். இந்தக் கேள்வியை உங்களில் பலரும் உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

1990 ஒக்டோபர் 30 செவ்வாய்க்கிழமை. அன்று நடந்ததை நான் விரித்து எழுதத் தேவையில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜின்னா மைதானத்தில் கூடச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் தந்தார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த தெரு அன்று பின்னேரத்துக்குள் வெறுமையாகிப் போனது. அந்த வாரக் கட்டில் நாலு முடிந்து மூன்று சுருட்டு மிச்சம் இருந்தது. சன்னல் தட்டில் வைத்திருந்ததை உம்மா எடுக்கப் போக, "கிடக்கட்டும், ரெண்டு மூணு நாளில வந்திருவோம்தானே" என்றார் வாப்பா.

வவுனியா வந்து, அங்கிருந்து புத்தளம் வந்து, தில்லையடிப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டிலில் ஒதுங்கினோம். புத்தளத்துச் சனம் தங்கள் சோற்றைப் பங்கிட்டுத் தந்தார்கள். அதை மறந்தால் நாங்கள் மனிசரில்லை. வீடு, கடை, தையல் மெஷின், உம்மாவின் காப்பு எல்லாம் போயிருந்தது. வாப்பா எதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. சுபஹுத் தொழுதுவிட்டு வந்து கொட்டில் வாசலில் குந்துவார். வலது கை தன்பாட்டில் மடிக்குப் போகும், திரும்பி வரும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மெஷின் வாங்கித் தர என்னால் முடியாது, வீட்டைத் திருப்பித் தர முடியாது. ஒரு சுருட்டாவது தேடித் தரலாமே என்று நினைத்தேன். சுருட்டை வெறுத்தவள் அதைத் தேடப் புறப்பட்டது இப்படித்தான்.

முதலில் காக்கா ஒரு சிகரெட் வாங்கிக் கொடுத்தார். வாப்பா இரண்டு இழுவை இழுத்துவிட்டு, "இதில ஒண்டுமில்லையே" என்று வைத்துவிட்டார். ஏன் அப்படி என்று பல காலத்துக்குப் பிறகு ஒரு டொக்டர் எனக்கு விளக்கினார். சிகரெட் புகை அமிலத் தன்மை உள்ளது. நெஞ்சுக்குள் இழுத்தால்தான் நிக்கொட்டின் உடம்பில் ஏறும். சுருட்டுப் புகை காரத் தன்மை உள்ளது. வாயில் வைத்திருந்தாலே கன்னத்தின் உட்தோலால் ஏறிவிடும். உள்ளே இழுக்காதவருக்குச் சிகரெட் வெறும் காற்றுத்தான். "உள்ளே இழுக்கவில்லை, அதனால் ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம் தங்கச்சி, வாயிலும் நாக்கிலும் தொண்டையிலும் புற்றுநோய் வருவதற்கு அது போதும்" என்றும் அவர் சொன்னார். அதையும் எழுதாமல் விட்டால் உங்களுக்கு நான் அநியாயம் செய்தவளாவேன்.

அடுத்தது பீடி. அது இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோனது. அரை மணித்தியாலம் குந்தப் பழகிய மனிசனுக்கு இரண்டு நிமிஷம் எந்த மூலைக்கு?

பிறகு, பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி கற்பிட்டிப் புகையிலை கொண்டுவந்து தந்தா. வெற்றிலைக்குப் போடுகிற இலை. வாப்பா தானே சுருட்டிப் பார்க்கிறேன் என்றார். இலையில் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, நரம்பைக் கிழித்து, உள்ளுக்குத் துண்டு இலையை வைத்து, மேல் இலையைச் சாய்வாகச் சுற்ற வேண்டும். இறுக்கினால் புகை வராது, தளர்ந்தால் ஒரு பக்கம் மட்டும் எரிந்து விரலைச் சுடும். கோட்டு சூட்டு வெட்டிய கைக்கு ஒரு இலை வெட்ட வரவில்லை. மூன்று நாள் முயன்று பார்த்தார். மூன்றாம் நாள் அவர் சுருட்டியதைப் பார்த்து உம்மா சிரித்துவிட்டா. வாப்பாவும் சிரித்தார். ஊரை விட்டு வந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

கண்டிப் பக்கத்துத் தும்பறைப் புகையிலை நல்லது என்று கேள்விப்பட்டு, குருநாகலுக்கு வேலையாகப் போன காக்காவிடம் சொல்லிவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக் கடையில் சுருட்டு இருந்ததாம். கடைக்கார வயதாளி காக்காவின் பேச்சைக் கேட்டு, எந்த ஊர் என்று விசாரித்திருக்கிறார். யாழ்ப்பாணம் என்றதும், "மாத்தையா, யாப்பனே சுருட்டு ஏதும் கொண்டு வந்தீங்களா?" என்று ஆசையோடு கேட்டாராம். தன் தகப்பன் காலத்தில் இருந்து குடித்ததாம், சண்டை தொடங்கிப் பாதை அடைபட்டதில் இருந்து அவருக்கும் இல்லையாம். காக்கா வந்து இதைச் சொன்னபோது வாப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாவம் அந்த மனிசன்" என்றார். தும்பறைச் சுருட்டு எவ்வளவோ பரவாயில்லை என்றாலும் நாக்கைச் சுடுகிறது என்று நாலைந்தோடு அதையும் விட்டுவிட்டார்.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை, உம்மா சொல்லித்தான் பின்னால் தெரியும். சோனகத் தெருவில் வாப்பா சுருட்டுப் பற்ற வைத்தால் உம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டா. புகை அவவுக்கு ஆகாது. இங்கே கிடுகுக் கொட்டிலில் அடுப்படியும் வாசலும் ஒன்றுதான், போக ஒரு இடமில்லை. புகையும் இல்லை. அதனால் சுபஹுக்குப் பின் உம்மாவும் தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் குந்தத் தொடங்கினா. "முப்பத்தஞ்சு வருஷத்தில அந்த நேரம் நான் அந்த மனிசன்ட பக்கத்தில இருந்ததில்ல புள்ள" என்றா என்னிடம். என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். "என்னத்தப் பேசுற, அண்டையச் சோத்துப் பாடுதான்" என்றா. வாப்பாவின் வாயில் ஒரு கராம்பு இருக்கும். அது உம்மா கொடுப்பது. 1991 நோன்புப் பெருநாள் காலையில் மட்டும் அவருடைய கை பழையபடி மடிக்குப் போய் வந்தது. அன்று உம்மா இரண்டு கராம்பு கொடுத்ததாகச் சொன்னா.

நான் விடவில்லை. கல்யாண வீடு, மௌத்து வீடு எங்கே போனாலும் விசாரிப்பேன். என் மாப்பிள்ளை, "உன்ட வாப்பாவே மறந்திட்டார், நீதான் மறக்கிறாயில்லை" என்று பகடி பண்ணுவார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

2002 இல் சமாதானப் பேச்சோடு ஏ-9 பாதை திறந்தது. ஓமந்தை, முகமாலைச் சோதனை எல்லாம் தாண்டி ஓகஸ்ட் மாதம் ஊருக்குப் போனோம். எங்கள் வீட்டுக்குக் கூரையில்லை, நிலைக் கதவில்லை. சுருட்டு வைத்த சன்னல் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது, அதற்குள்ளால் ஆலமரக் கன்று ஒன்று வளர்ந்திருந்தது. அங்கே அழுது முடித்துவிட்டுக் கொக்குவிலுக்குப் போனேன்.

கொட்டில் இருந்த இடத்தில் வாழை நின்றது. அண்ணையின் பெண்சாதி என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனா. 1995 ஒக்டோபரில் வலிகாமச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர்களும் சாவகச்சேரிக்குப் போனார்களாம். அண்ணை அங்கேயே காலமாகிவிட்டார். "கோடாப் பதம் அந்த மனுசனோட போச்சுது பிள்ளை. மகனுக்கும் சொல்லிக் குடுக்கேல்லை" என்றா. பிறகு, "காக்கா தைச்ச சேட்டு ரெண்டு சாவகச்சேரி மட்டும் எங்களோட வந்தது" என்றா. எங்களை ஊரை விட்டு அனுப்பிய நாளில் தான் சந்தி வரை ஓடி வந்ததாகவும், அதற்கு மேல் விடவில்லை என்றும் சொன்னா. போகும்போது, பக்கத்தில் வேறொரு கொட்டிலில் ஏழு சுருட்டு வாங்கி வாழைநாரில் கட்டித் தந்தா. ஏழு என்ற கணக்கை அவ மறக்கவில்லை.

புத்தளம் வந்து, அடுத்த நாள் சுபஹுக்குப் பின் அந்தக் கட்டை வாப்பாவின் மடியில் வைத்தேன். பன்னிரண்டு வருஷம் தேடிய சாமான். அவர் மணந்து பார்த்தார். பற்ற வைத்தார். உம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி உள்ளே போனா. வாப்பா அவ போவதைத் திரும்பிப் பார்த்தார். கால்வாசிதான் எரிந்திருக்கும், நிலத்தில் தேய்த்து அணைத்துவிட்டார்.

"ஏன் வாப்பா, நல்லால்லையா?"

"நல்ல சுருட்டுத்தான் மகள். அண்ணையிட சுருட்டில்லை." கொஞ்சம் பொறுத்து, "உம்மாவ வரச் சொல்லுங்க, தேத்தண்ணி ஆறப் போகுது" என்றார்.

எனக்கு அன்று கொஞ்சம் மனக் கசப்புத்தான். அவ்வளவு தூரம் போய் வந்ததற்கு ஒரு சுருட்டையாவது முழுதாகக் குடித்திருக்கலாமே என்று உம்மாவிடம் முறையிட்டேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாய் கொள்ளாச் சிரிப்பு மட்டும்.

வாப்பா 2008 இல் மௌத்தானார். கடைசி வரை காலையில் தேத்தண்ணியும் கராம்பும்தான். மிச்சம் இருந்த ஆறு சுருட்டையும் உம்மா எறியவில்லை. பழைய துணியில் சுற்றி, அலுமாரியில் தன் சாரிகளுக்கு நடுவில் வைத்திருந்தா. புகையிலை இருந்தால் பூச்சி அரிக்காது என்பது பழைய ஆட்களின் கைவைத்தியம். காக்காவின் மருமகள் ஒரு நாள் அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது, "என்ன மாமி இது, சாரியெல்லாம் சுருட்டு நாத்தம்" என்று வெளியே எடுத்துப் போட்டுவிட்டா. உம்மா மெதுவாக எழும்பிப் போய், ஆறையும் எண்ணிப் பார்த்து, திரும்பவும் அதே துணியில் சுற்றி அதே இடத்தில் வைத்தா.

"கிடக்கட்டும் புள்ள, பூச்சி வரும்" என்றா.