சிங்க்குக்கு அடியில் ஒருவர்

சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். சிங்க்குக்கு அடியிலிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு முனகல். இரண்டு விநாடிகூட விடவில்லை, அணைத்துவிட்டார்.

"மோட்டார் உயிரோடுதான் இருக்கிறது. எதுவோ உள்ளே மாட்டியிருக்கிறது."

"தானாகத்தான் நின்றது" என்றாள் வீட்டுக்காரப் பெண்.

"எல்லா வீட்டிலும் தானாகத்தான் நிற்கிறது, மேடம்." குரலில் கேலி இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டார்.

நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன். ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளிலிருந்து பையோடு நடந்தே வந்துவிடக்கூடிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இவர் அங்கே மெயின்டனன்ஸ் பார்ப்பவர். அறுபதை ஒட்டிய வயது, சாம்பல் நிறச் சட்டை, முழங்கால்களில் ரப்பர் பட்டை. வாசலிலேயே பூட்ஸின் மேல் நீல பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார். கும்பகோணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாவுக்கு அதிலேயே பாதி மரியாதை வந்துவிட்டது. மீதியை வேலையைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று சாப்பாட்டு மேஜையோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நின்றுபோயிருந்தது டிஸ்போசல், சிங்க்கில் விழும் சாப்பாட்டுக் கழிவை அரைத்துத் தண்ணீரோடு அனுப்பும் இயந்திரம். அதன் கோளாறை அவர் முதலில் காதால்தான் பார்க்கிறார். முனகினால் ஏதோ சிக்கியிருக்கிறது. கடகடத்தால் உள்ளே கரண்டியோ காசோ கிடக்கிறது. சத்தமே இல்லையென்றால் கரண்ட் வரவில்லை, அல்லது அடியில் இருக்கும் சிவப்பு ரீசெட் பட்டன் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதன் பிறகுதான் கருவிப்பெட்டி திறக்கிறது.

நடைவழியில் இருந்த பெட்டியைத் திறந்து பிரேக்கரை இறக்கினார். திரும்பி வந்து சுவிட்சை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். சத்தமில்லை. பிறகுதான் கீழ் அலமாரியின் கதவுகளைத் திறந்து, சோப்பு டப்பாக்களை ஓரம் கட்டி, மல்லாந்து படுத்தார். தலை உள்ளே, கால் சமையலறையில். டிஸ்போசலின் அடி நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதில் ஆலன் கீயைச் செருகி இடது பக்கம் ஒரு தள்ளு, வலது பக்கம் ஒரு தள்ளு. முதலில் அசையவே இல்லை. நாலைந்து முறைக்குப் பிறகு 'சரக்' என்று இளகிக்கொடுத்தது.

எழுந்து சிங்க்கின் ஓட்டை வழியே டார்ச் அடித்தார். கையை உள்ளே விடவில்லை. நீள மூக்கு பிளையரை விட்டார். முதலில் வந்தது கரும்பழுப்பில் பளபளக்கும் ஒரு விதை. விரலில் உருட்டிப் பார்த்து, காகிதத் துண்டின் மேல் வைத்தார். அடுத்ததும் அதேதான். அப்புறம் பிளையர் எதையோ பிடித்துக்கொண்டு மேலே வர மறுத்தது. மெல்லச் சுற்றிச் சுற்றி இழுத்தார். பச்சையும் பழுப்புமாய், ஈரம் சொட்டச் சொட்ட ஒரு நார்ப்பந்து வெளியே வந்தது.

"இது என்ன, மரமா?"

பெண் பதில் சொல்லவில்லை. "முருங்கைக்காய்ச் சக்கையில்ல அது! புளியங்கொட்டையும் கிடக்கு. தட்டை அப்படியே கவுத்தியாடி?" என்றாள் அம்மா.

"அம்மா, சும்மா இரு."

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எந்த வீட்டிலும் இந்த இரண்டு குரல்களுக்கு இடையே நடப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பெண்ணின் கவலை வேறு. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: குடியிருப்பவரின் தவறான உபயோகத்தால் பழுதானால் செலவு அவர் தலையில்.

அவர் டார்ச்சைப் பெண்ணிடமே கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னார். "கத்தி தெரிகிறதா? கிடையாது. எல்லோரும் இருப்பதாக நினைக்கிறார்கள்." அடியில் ஒரு வட்டத்தகடு, அதன் மேல் இப்படியும் அப்படியும் ஆடும் இரண்டு இரும்புக் கட்டிகள். மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,725 சுற்று சுற்றும்போது உள்ளே விழுந்ததெல்லாம் ஓரத்துக்குத் தூக்கியடிக்கப்பட்டு, சுற்றுச்சுவரின் பல் பல்லான வளையத்தில் தேய்ந்து கூழாகித் தண்ணீரோடு போய்விடும். சோறும் குழம்பும் இதற்குத் தூசு. நார் அப்படியில்லை. தேயாது, அந்தக் கட்டிகளைச் சுற்றிக்கொண்டுவிடும். அமெரிக்கர் வீட்டில் அது செலரித் தண்டும் சோளமட்டையும். இங்கே முருங்கைக்காய்.

"இதை எவன்டி கண்டுபிடிச்சான்?" என்றாள் அம்மா. கேள்வி யாருக்கும் போய்ச் சேரவில்லை. விஸ்கான்ஸின் மாநிலத்து ரசீன் நகரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் உருவாக்கியது இது. 1938இல் இன்சிங்க்கரேட்டர் என்ற பெயரில் நிறுவனமும் தொடங்கினார். எடுத்தவுடன் எல்லோரும் வரவேற்றுவிடவில்லை. "நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் இது கூடாது" என்கிறார் இவர். பழைய சாக்கடைகள் தாங்காது என்று பயந்து நகரின் பெரும்பகுதியில் தடை போட்டிருந்தார்கள், 1997இல்தான் நீங்கியது.

ரீசெட் பட்டனை உள்ளே அழுத்தி, பிரேக்கரை ஏற்றி, குழாயைத் திறந்து சுவிட்சைத் தட்டினார். விர்ரென்று ஓடியது. பெண்ணின் முகம் தெளிந்தது.

அவர் கிளம்பவில்லை. உலர்ந்த காகிதம் ஒன்றை எடுத்து டிஸ்போசலின் உடம்பெங்கும் ஒற்றிக்கொண்டு வந்தார். மேலே, சிங்க்கோடு சேரும் இடத்தில் காகிதம் காய்ந்தே இருந்தது. பக்கத்துக் குழாய் மூட்டிலும் அப்படியே. அடியில் ஒற்றியதும் துருநிறத்தில் நனைந்தது. மேலே ஒழுகினால் புட்டி என்கிற அடைப்புப் பசை போட்டுச் சரிசெய்யலாம், மூட்டில் ஒழுகினால் வாஷர் மாற்றலாம். அடியில் ஒழுகினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதைப் பிரித்து மாற்றும் கூலிக்குப் புதிதே வந்துவிடும்.

"ஓடுறதை ஏன் கழட்டுறான்? நம்ம ஊர்ல மிக்ஸிக்குக் காயிலே கட்டிக் குடுப்பானே" என்றாள் அம்மா.

மறுபடி பிரேக்கர் இறங்கியது. பக்கெட்டை வைத்து வளைகுழாயைக் கழற்றினார். கெட்ட நாற்றத்தோடு அரை பக்கெட் தண்ணீர் கொட்டியது. டிஷ்வாஷர் ஹோஸைப் பிடுங்கினார். ஒரு கையால் அடியைத் தாங்கி, மறுகையால் மேல் வளையத்தைத் திருகியதும் ஆறேழு கிலோ கனம் மொத்தமும் அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் இறங்கியது. கம்பிகளைப் பிரித்து அதை வெளியே உருட்டிவிட்டார்.

சிங்க்கின் ஓட்டையில் இருந்த பழைய புட்டியைச் சுரண்டி எடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. கல்லாய் இறுகிப்போயிருந்தது. புதுப் புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நீளமாகத் திரித்தார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கைமுறுக்குக்குத் திரிக்கிற மாதிரியே திரிக்கிறான் பாரு!" அந்தத் திரியைப் புது வளையத்தின் அடியில் ஒட்டி, ஓட்டையில் வைத்து அழுத்தினார். கீழே போய் மூன்று திருகாணிகளையும் மாற்றி மாற்றி, ஒன்று முந்தாமல் ஒன்று பிந்தாமல் முறுக்கினார். பிதுங்கி வந்த புட்டியை விரலாலேயே வழித்தெடுத்தார்.

புது டிஸ்போசலைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலையாகப் பக்கவாட்டில் சாய்த்து, டிஷ்வாஷர் குழாய் சேரும் வாயில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே அடைத்திருந்த பிளாஸ்டிக் மூடி 'டப்'பென்று விழுந்தது. "வீட்டில் தாங்களாகவே மாட்டுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, டிஷ்வாஷரில் தண்ணீர் தேங்குகிறது என்று கூப்பிடுவார்கள்" என்றார். கறுப்புக் கம்பியோடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, பச்சை மட்டும் தனியாக எர்த் திருகாணிக்கு. பிறகு கருவிப்பெட்டியை முட்டுக்கொடுத்து ஏற்றி, வளையத்தில் 'கிளிக்' கேட்கும்வரை திருகினார். குழாய்களைச் சேர்த்தார். சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்துத் திறந்துவிட்டு, மறுபடியும் காகிதம். மேலே, மூட்டில், அடியில், எங்கும் உலர்ந்தே வந்தது.

கடைசியாகப் போனில் வேலைச்சீட்டை முடிக்க வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில் இரண்டு கட்டங்கள்: தவறான உபயோகம், தேய்மானம். பெண்ணின் கண் அவர் விரல் மேலேயே இருந்தது. அவர் 'தேய்மானம்' என்பதைத் தொட்டார்.

"சிக்கலை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றியது ஒழுகலுக்காக. அதற்கு நீங்கள் காரணமில்லை."

மகள் தமிழில் சொன்னதும் அம்மா நிறுத்திவைத்திருந்த மீதி மரியாதையையும் கொடுத்துவிட்டாள். "காபி குடிப்பாரான்னு கேளு."

அவர் சிங்க்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளை ஃபில்டரைப் பார்த்தார், புது டிஸ்போசலைப் பார்த்தார், பெண்ணிடம் ஏதோ சொன்னார்.

"என்னடி சொல்றார்?"

"குடிக்கிறாராம். அந்தச் சக்கையை மட்டும் குப்பைக் கூடையில போடச் சொல்றார்."