பனியில் உறங்கும் கமெரா

திபெத்தின் றொங்புக் பள்ளத்தாக்கில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு எவரெஸ்ட் சிகரத்தின் வடமுகம் விண்முட்டத் தோன்றும். அச்சரிவில் எங்கேனும் ஒரு சிறு கமெரா கிடக்கலாமென மலையேறுவோர் நெடுங்காலமாகத் தேடி வருகின்றனர்.

1866இல் சாமுவேல் போர்ன் இமயத்திலே 18,600 அடி உயரமான மணிரங் கணவாயைப் படமெடுத்தபோது, கண்ணாடித் தகடுகளையும் இரசாயனங்களையும் இருட்டுக் கூடாரத்தையும் சுமையாட்கள் பலர் தூக்கிச் சென்றனர். 1912இல் கொடக் நிறுவனம் வெளியிட்ட ‘வெஸ்ற் பொக்கற்’ கமெராவோ மடித்தால் ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிப்பே உடையது. வில்லையை முன்னே இழுத்தால் துருத்தி விரியும். ஒரு சுருளில் எட்டுப் படங்கள் எடுக்கலாம்.

1924 யூன் 8ஆம் நாள் உச்சியை நோக்கி ஏறிய மலோரியும் இர்வினும் அத்தகைய கமெரா ஒன்றைக் கொண்டு சென்றனர். அதை இரவல் கொடுத்த மருத்துவர் சோமர்வெல், பின்னர் குமரிக்கு அண்மையிலுள்ள நெய்யூரிலே நெடுங்காலம் நோயாளர்க்குத் தொண்டாற்றியவர். ஏறிய இருவரும் மீளவில்லை. 1999இல் மலோரியின் உடல் 26,700 அடிக்கு மேலே காணப்பட்டது. 2024இல் இர்வினின் பெயர் தைத்த காலுறையும் பாதமும் பனியாற்றில் வெளிப்பட்டன. கமெரா மட்டும் கிட்டவில்லை.

ஹிலாரியும் டென்சிங்கும் 1953இல் உச்சியை மிதித்தனர். அதற்கு 29 ஆண்டுகள் முன்னரே மனிதன் அங்கு நின்றானா? கடுங்குளிர் படச்சுருளைக் காத்திருப்பின் விடை கிடைக்கலாம். உச்சியின் படம் அதில் இல்லாவிடினும், அவர்கள் எட்டவில்லை என நாம் துணிதல் தகாது. விடை எதுவாயினும் அவ்விருவரின் ஊக்கத்தை வணங்குவோமாக.