பட்டறையில பொறந்த ரேஸ் கார்!

நாமக்கல் பக்கம் பஸ்ல போயிருக்கீங்களா பாஸ்? ரோட்டோரமா லாரிக்கு பாடி கட்டுற பட்டறைகள். கம்பெனியில இருந்து எஞ்சினும் சேஸுமா வர்ற வண்டி, வெல்டிங் பொறி பறக்க, இங்கேதான் முழு லாரியா மாறும். திருச்செங்கோடு போனா, போர்வெல் போடுற ரிக் வண்டிகள். இப்படிக் கையாலேயே வண்டி கட்டுற சீமையில ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பொறந்திருக்கக் கூடாதா?

பொறந்திருக்கு! ஆனா, கொஞ்சம் மேற்கே. சங்ககிரி, பவானி, பெருந்துறை தாண்டினா கோயம்புத்தூர்.

முதல் கதை ஜி.டி.நாயுடுவோடது. 1952-ல ரெண்டு பேர் உட்கார்ற பெட்ரோல் கார் செஞ்சார். விலை 2,000 ரூபாய்தான்! அரசாங்கம் லைசென்ஸ் தரலை. உற்பத்தி அதோட க்ளோஸ்.

ரெண்டாவது ஹீரோ எஸ்.கரிவர்தன். மில் குடும்பத்துப் பிள்ளை, ரேஸ் பைத்தியம். வெளிநாட்டு ரேஸ் கார் நம்ம பசங்களுக்கு எட்டாக்கனியா இருந்த காலம். மனுஷன் என்ன பண்ணார்? தெருவுல ஓடுற மாருதி 800-ஓட 796 சிசி எஞ்சினை, ஒத்தை ஆள் உட்கார்ற ரேஸ் காருக்குள்ள வெச்சார். 'ஃபார்முலா மாருதி' ரெடி!

இங்கேதான் மேட்டரே. அந்தக் காரைத் தன் ஷெட்டுக்குள்ள ஒத்தையா பூட்டி வைக்கலை. ஒரே மாதிரி கார்கள் வரிசையா தயாராச்சு. எல்லாருக்கும் ஒரே வண்டி, ஒரே எஞ்சின். அப்போ ஜெயிக்கிறது பணம் இல்லை... திறமை! கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் அதுல ஓட்டிப் பழகினார். 2005-ல ஃபார்முலா ஒன் போன முதல் இந்தியர் அவர்தான். சென்னைப் பையன் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில ஜெயிச்சவர். 2010-ல ஃபார்முலா ஒன்.

ரெண்டையும் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-ல விமான விபத்து, வயசு 41. 2003-ல செட்டிபாளையத்துல திறந்த 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பேரைத்தான் சுமக்குது. காலேஜ் பசங்க சொந்தமா செஞ்ச கார்களோட மோதுற 'ஃபார்முலா பாரத்' போட்டியும் அங்கே நடந்திருக்கு.

சரி, போட்டி முடிஞ்சதும் அந்தக் கார்கள் என்ன ஆகுது? ஒர்க்‌ஷாப் பின்னாடி தார்ப்பாய்க்குள்ள தூங்குற கார் பல கேம்பஸ்ல உண்டு. செஞ்ச சீனியர் பாஸ் அவுட். டிராயிங் அவர் லேப்டாப்போட போயாச்சு. ஜூனியர் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

நாயுடு காரை லைசென்ஸ் நிறுத்திச்சு. நம்ம காரை நிறுத்துறது யாரு? ஃபைனல் இயர் மக்களே, கிளம்புறதுக்கு முன்னாடி அந்த டிராயிங்கை ஜூனியர் கையில கொடுத்துட்டுப் போங்கப்பா!