மிளகுத்தண்ணியும் மலிகடானியும்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கேட்டரிங் படித்துவிட்டு ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்க்கிறான். மெனுவில் இருந்த ஒரு சூப்பின் பெயரை எழுத்துக்கூட்டி, "முல்லிகடாவ்னி" என்று சொன்னானாம். சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே மேலதிகாரி சிரித்துவிட்டாராம். "நான் தமிழ் மீடியம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு மிஸ்" என்றான். அந்தக் குரலைக் கேட்டபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் உச்சரிப்பு. ம-லி-க-டா-னி. தொடக்கம் 'மு' இல்லை, 'ம'. 'க' என்பது 'தங்கம்' என்பதில் வரும் 'க'. அழுத்தம் முழுவதும் 'டா' மேல். அதுவும் 'டாட்டா'வில் வரும் டா இல்லை. 'லா காலேஜ்' என்னும்போது ஆங்கிலேயர் சொல்லும் 'லா' போல, ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில். டபிள்யூவுக்குத் தனி ஒலி கிடையாது. நாலு தடவை வாய்விட்டுச் சொன்னால் வந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அது நம் சொல்! மிளகுத்தண்ணி. மயிலாப்பூரில் நம் அடுப்பில் கொதிக்கிற மிளகு ரசத்துக்குத் தூரத்து உறவு. மதராஸில் இருந்த ஆங்கிலேயர் அதில் கறியைப் போட்டு, கெட்டியாக்கி, சூப் ஆக்கிக்கொண்டார்கள். 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதைத் தமிழ்ச் சொல் என்றே பதிவு செய்திருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயருக்கே இந்தச் சூப்பை வைத்து 'மல்' என்று பட்டப்பெயர் இருந்ததாம்!

அவர்களுக்கு நம் 'ள'வும் வரவில்லை, 'ண்ண'வும் வரவில்லை. வாயில் வந்தபடி சொன்னார்கள். அதுவே அகராதியில் ஏறிவிட்டது. நம் பிள்ளை அதைத் தடுமாறிச் சொன்னால் மட்டும் சிரிப்பா?

ஆங்கிலம் பேசும்போது ஆங்கில உச்சரிப்பைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தொழிலுக்கு அது தேவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தெரியாதது குற்றமில்லை, தமிழ் மீடியம் குறையுமில்லை.

உங்களில் பலர் இன்று மேனேஜர்கள், அதிகாரிகள். ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை பார்க்கும் பிள்ளை ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால், நாலு பேர் நடுவில் சிரிக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் உங்களுக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்தேன்?